சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு டீசர்

நேற்று ராத்திரி ‘கபாலி’ டீசரை மறுபடியும் போட்டுப் பார்த்தேன், இந்த முறை சத்தத்தை அணைத்துவிட்டு. 2016 மே 1 அன்று அது வெளிவந்தபோது மலேசியாவின் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் எங்கே திரும்பினாலும் அதே பேச்சுதான். மலேசியத் தமிழன் கதையில் ரஜினி என்றால் சும்மாவா!

சத்தம் இல்லாமல் பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. கோட்டு சூட்டு போட்ட ஒருவர் நடக்கிறார், திரும்பிப் பார்க்கிறார். அவ்வளவுதான். சத்தத்தைத் திறந்ததும் அதே நடை மிரட்டலாகிவிடுகிறது. இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனின் தாள அடி விழும் இடத்தில் ஷாட் மாறுகிறது. அருண்ராஜா காமராஜின் குரல் ‘நெருப்புடா’ என்று சீறுகிறது. வசனம் வரும்போது இசை ஒதுங்கி வழிவிடுகிறது. விசில் அடிப்பதற்கென்றே விட்ட இடைவெளி அது.

ஜூலை 22-இல் திரைக்கு வந்த ‘கபாலி’யோ டீசர் காட்டியதற்கு வேறான படம். சிறையில் புத்தகம் படித்துக்கொண்டிருக்கும் ஒரு முதியவரோடு தொடங்குகிறது. 25 ஆண்டு சிறைவாசம் முடிந்து, செத்துப்போனாள் என்று நம்பிய மனைவியைத் தேடிப் போகிறார். எனக்கு அந்தத் தேடல்தான் பிடித்தது. பக்கத்து சீட்டுத் தம்பிக்கோ கொட்டாவி. அவனைச் சொல்லி என்ன செய்ய? அவனுக்கு விற்றது நெருப்பு.

அதே டீசர் காட்சிகளுக்கு அடியில் படத்தின் ‘மாய நதி’ பாட்டை ஓடவிட்டுப் பாருங்கள். ஒரு ஷாட்டைக்கூட மாற்ற வேண்டாம். கேங்ஸ்டர் காணாமல் போய், குடும்பத்தைத் தொலைத்த மனிதர் வந்து நிற்பார். இயக்குநர் ரஞ்சித் எடுத்த படத்துக்கு அதுதான் பொருத்தம் என்பேன். எந்தத் தயாரிப்பாளரும் ஒத்துக்கொள்ள மாட்டார், அது வேறு விஷயம்!