சங்குப்பிட்டி வழியில்

நாவற்குழியிற் பிரிந்து மன்னார் நோக்கிச் செல்லும் ஏ-32 வீதி, தனங்கிளப்பைத் தாண்டியதும் வேறோர் உலகினுட் புகுகின்றது. இருமருங்கும் உப்புப் படிந்த வெளி; அப்பாற் கடனீரேரி. பருவத்திற் பூநாரைகள் கூட்டமாக வந்திறங்கும் இடம் இது. முன்னர் கேரதீவிலே ‘பாதை’ எனப்படும் மிதவையிலேறி அக்கரை சேர்தல் வேண்டும். 2011ஆம் ஆண்டிற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபின் அக்காத்திருப்பு ஒழிந்தது. உப்புக்காற்று மட்டும் ஒழியவில்லை.

அக்காற்றின் வேலையைச் சென்ற ஆவணியிற் கண்டேன். என்னுடன் படிப்பிக்கும் இளைஞர் ஒருவர் முழங்காவிலிலுள்ள தம் தாயாருக்கு, பனிக்கட்டியிட்ட பெட்டியில் இன்சுலின் கொண்டு சென்றார். அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் நான். பாலத்துக்குச் சற்று முன்னே எஞ்சின் அடங்கிவிட்டது. உச்சிவெயில், ஒதுங்க ஒரு மரமுமில்லை, பெட்டியிற் பனிக்கட்டி உருகிக்கொண்டிருந்தது.

சாவியைத் திருப்பினால் விளக்கு எரிந்தது. ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தியதும் அதுவும் அணைந்தது.

“பற்றரி செத்துப்போச்சுது, சேர். புதிசுதான் வாங்கவேணும்” என்றார் நண்பர், முகம் வாடி.

வலையுடன் வந்த மீனவப் பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். “எங்கட போட் எஞ்சினும் இப்பிடித்தான் செய்யும், மாஸ்டர். வயர் பூட்டின இடத்தைப் பாருங்கோ” என்றார்.

அவர் கூற்றில் நல்ல பௌதிகம் இருந்தது. உப்பு ஈரம் செம்பை அரித்துப் பச்சைக் களிம்பாக்கும். களிம்பு மின்னைத் தடுக்கும். ஒரு பூட்டிலே 0.1 ஓம் தடை ஏற்பட்டதென வைத்துக்கொள்வோம். 3 அம்பியர் கொள்ளும் விளக்குக்கு அதனால் 0.3 வோல்ற்றே நட்டம், விளக்கு எரியும். ஸ்டார்ட்டரோ 50 அம்பியர் இழுக்குமாயின் 5 வோல்ற்று அப்பூட்டிலேயே போய்விடும். பன்னிரண்டில் ஏழு எஞ்சினால் எது சுழலும்? பற்றரி தளர்ந்தாலும் இதே குறி தோன்றலாம். ஆயினும் காசு செலவில்லாத சோதனையை முதலிற் செய்வதே முறை.

இருக்கையைக் கழற்றினோம். பியூஸ் நன்றாயிருந்தது. பற்றரியின் எதிர்முனை வயர் வண்டிச் சட்டத்துடன் சேரும் ஆணியடியிலே மயிற்கழுத்து நிறத்திற் களிம்பு பூத்திருந்தது. பற்றரியில் எதிர்முனையையே முதலிற் கழற்றுதல் வேண்டும். நேர்முனையைத் தொடங்கினால், சாவி சட்டத்திற் பட்டதும் தீப்பொறி பறக்கும். பெரியவர் தம் பையிலிருந்து தேய்ந்த உப்புத்தாள் ஒன்றை எடுத்துத் தந்தார். செம்பு மினுங்கும்வரை தேய்த்து, ஆணியை இறுக்கி, மேலே சிறிது கிறீஸ் பூசினோம். அந்தக் கிறீசும் அவருடையதே. கூலியென்று நீட்டியதை அவர் வாங்கவில்லை.

பொத்தானை அழுத்தியதும் எஞ்சின் முழங்கிற்று. பாலத்தைக் கடந்து, பூநகரிக் கோட்டையையும் நின்று பாராமற் சென்றோம். முழங்காவிலிற் பெட்டியைத் திறந்தபோது பனிக்கட்டி விரலளவு மிஞ்சியிருந்தது.