லா வூல்ட் முதல் சேன் அக்ரெவ் வரை: ஒரு மலை இருப்புப்பாதையின் மறுவாழ்வு

பிரான்சின் தென்கிழக்கே ஆர்டெஷ் மாவட்ட மலைகளுக்குள் ஏறிச் செல்லும் டோல்சே வியா, அந்நாட்டுச் சைக்கிள் பயணிகள் விரும்பித் தேடும் அமைதியான தடங்களுள் ஒன்று. ரோன் ஆற்றங்கரை ஊராகிய லா வூல்ட்டில், கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் தொடங்கி, எரியூ என்னும் சிற்றாற்றை ஒட்டியே மேலேறி, ஆயிரம் மீட்டருக்கு மேலுள்ள சேன் அக்ரெவில் முடியும் இத்தடம், லமாஸ்த்ர் கிளையையும் சேர்த்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளமுடையது. இதில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. நடப்போரும் சைக்கிளில் செல்வோரும் குதிரையேறிகளும் மட்டுமே செல்லலாம். ஆயினும் இங்குள்ள அமைதி மலையின் இயல்பால் வந்ததன்று. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் பரவலாக இருந்த மீட்டர் கேஜ் பாதைகளைப் போலவே, ஒரு மீட்டர் இடைவெளி கொண்ட தண்டவாளங்களின் மேல் 1891 முதல் இப்பள்ளத்தாக்கில் ஓடிய ரயில் 1968 அக்டோபர் 31 அன்று நிறுத்தப்பட்டதாலும், அதற்கு நெடுங்காலம் முன்பே மக்கள் மலையைவிட்டு இறங்கத் தொடங்கியதாலும் வந்த அமைதி அது.

பழைய நீராவி எஞ்சின்களால் செங்குத்தாக ஏற இயலாது என்பதால், பாதை அமைத்தோர் மலையின் வளைவுகளையெல்லாம் பின்பற்றி, வேண்டிய இடங்களில் குகைவழி குடைந்தும் பாலம் கட்டியும், ஏற்றத்தை மிகச் சிறிய அளவில் நிறுத்தினார்கள். மலைநாட்டில் சைக்கிள் மிதிப்பவருக்கு இன்று கிடைக்கும் சுகம் அந்த எஞ்சின்களின் வலுக்குறைவு தந்த கொடை. லா வூல்ட்டைக் கடந்ததும் சேன் லொரான் து பாப் வரையிலும் அதற்கு அப்பாலும் பள்ளத்தாக்கு அகன்று, வசந்தத்தில் பீச் மரங்கள் பூக்கும் தோட்டங்களாக விரிகிறது. பட்டும் திராட்சையும் நோயால் நலிந்த 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வூர் உழவர்கள் பீச்சுக்கு மாறினார்கள். பறித்த பழம் கெடுவதற்குள் சந்தை சேர வேண்டுமானால் ரயில் இன்றியமையாததாயிற்று. பின்னாளில் அசுவினிகள் பரப்பும் ஷார்க்கா என்னும் நச்சுயிரி நோய் தாக்கிய மரங்களை வேரோடு அகற்ற வேண்டியதாலும், வெளிப் பழங்களின் போட்டியாலும் இத்தோட்டங்கள் பெரிதும் சுருங்கின.

பள்ளத்தாக்கு நெருங்கத் தொடங்கும் லெஸ் ஒலியேருக்கும் லு ஷெய்லாருக்கும் இடைப்பட்ட பகுதியே இத்தடத்தின் உயிர்ப்பகுதி. ஆறு கீழே பாறைகளுக்கிடையே ஓட, தடம் மலைச்சரிவில் வெட்டிய விளிம்பில் செல்ல, மேலே கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கிக் கட்டிய சுவர்கள் தெரிகின்றன. இச்சுவர்கள் தாங்கும் குறுகிய அடுக்கு நிலங்களை உள்ளூரார் 'ஃபெஸ்' என்பார்கள். மண் சரியாமல் காப்பதோடு, மழைநீரைத் தேக்கி மெல்லக் கசியவிடுவதும் அவற்றின் வேலை. இலையுதிர் காலத்தில் மத்தியதரைக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இம்மலைகளில் மோதிச் சில மணிநேரத்தில் பெருமழையாகக் கொட்டும்போது, இச்சிற்றாறு நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குப் பெருகும். 1857 செப்டம்பரில் வந்த வெள்ளம் பிரெஞ்சு நீரியலாளர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் ஒன்று. அத்தகைய மழைக்கு எதிராக மலைமக்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் கட்டிய தற்காப்புகளுள் இச்சுவர்கள் முதன்மையானவை.

அடுக்கு நிலங்களில் கஷ்கொட்டை மரமே முதன்மையான பயிராக இருந்தது. கோதுமை விளையாத சரிவுகளில் அதுவே ஏழைகளின் அன்னம் என்பதால், அதை ரொட்டி மரம் என்றே அழைத்தார்கள். பொறுக்கிய காய்களை 'கிளெத்' எனப்படும் சிறு கல்வீட்டின் பரணில் பரப்பி, கீழே வாரக்கணக்கில் புகைநெருப்பு மூட்டி உலர்த்தினால், அடுத்த அறுவடை வரை குடும்பம் பிழைக்கும். அதே நிலங்களின் ஓரங்களில் மல்பெரி மரங்களும் நின்றன. ஆர்டெஷின் பழம்பெயராகிய விவாரேயில் பிறந்த வேளாண் அறிஞர் ஒலிவியே த செர், 1600இல் வெளிவந்த தம் பெருநூலில் மல்பெரியையும் பட்டுப்புழுவையும் விரிவாகப் பேசியதும், நான்காம் ஹென்றி மன்னர் அதை ஊக்குவித்ததும் இப்பகுதியின் பொருளாதாரத்தையே மாற்றின.

ஆற்றோரத்தில் இன்று கூரை சரிந்து நிற்கும் நீண்ட கற்கட்டடங்கள், பட்டிழைகளை ஒன்றோடொன்று முறுக்கி நெசவுக்கேற்ற வலுவான நூலாக்கிய 'மூலினாழ்' என்னும் முறுக்கு ஆலைகளாகும். நீர்ச்சக்கரத்தைச் சுழற்ற ஆறும், இழை அறாமலிருக்க ஈரக்காற்றும் தேவைப்பட்டதால், பலவற்றைப் பாதி நிலத்துக்குள் புதைத்தாற்போல் கட்டினார்கள். அவற்றில் வேலை செய்தவர்களுள் பெரும்பாலோர் மேட்டுப் பண்ணைகளிலிருந்து வந்த இளம்பெண்கள். வாரத் தொடக்கத்தில் உணவு மூட்டையோடு இறங்கி வந்து, ஆலையின் உறங்கும் கூடத்திலேயே தங்கி, வார இறுதியில்தான் வீடு திரும்பினார்கள். 1850களில் பெப்ரீன் என்னும் புழுநோய் பரவியது. நோய் பரவும் வழியை லூயி பாஸ்தர் 1865 முதல் அலேஸ் நகரில் ஆராய்ந்து தடுக்கும் முறையைக் கண்டறிந்தார். ஆனால் 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து ஆசியப் பட்டு மலிவாக வந்ததால், இங்கே புழு வளர்ப்பு மீளவில்லை. ஆலைகள் மட்டும் இறக்குமதிப் பட்டையும் பின்னர்ச் செயற்கை இழையையும் முறுக்கி 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தன. 1861இல் ஏறத்தாழ 3,88,000ஆக இருந்த ஆர்டெஷின் மக்கள்தொகை 1954இல் 2,50,000க்கும் கீழே இறங்கியது என்பதே, இப்பள்ளத்தாக்கின் அமைதிக்கு மக்கள் கொடுத்த விலையின் அளவு.

பட்டு வணிகத்திலிருந்து சைக்கிளுக்கு வந்த ஒருவரே பிரெஞ்சுச் சைக்கிள் பயணத்தின் தந்தையாகப் போற்றப்படுகிறார் என்பது இவ்வரலாற்றோடு நெருங்கியது. ஆர்டெஷின் வடக்கே உள்ள நாடா நெசவு நகரமாகிய சேன் எத்தியெனில் வாழ்ந்த போல் த விவி (1853–1930), வெலோசியோ என்ற புனைபெயரில் தம் சைக்கிள் இதழை நடத்தி, மலையில் ஏறுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கியர்கள் வேண்டும் என்று ஓயாமல் வாதாடினார். டூர் த பிரான்ஸ் பந்தயம் கியர் மாற்றியை 1937இல்தான் அனுமதித்தது. எளிய பயணிகளோ அவருடைய சொல்லை ஏற்று, வேகத்துக்காக அன்றி நாட்டைக் காண்பதற்காக மலையேறும் மரபை அதற்கு முன்பே நிலைநாட்டியிருந்தார்கள்.

அம்மரபின் கொண்டாட்டம் ஒவ்வொரு ஜூன் மாதமும் இம்மலைகளில் நிகழும் ஆர்டெஷ்வாஸ் விழாவில் முழுமையாக வெளிப்படுகிறது. 1992இல் சேன் ஃபெலிசியென் என்னும் சிற்றூரில் தொடங்கிய இவ்விழாவுக்கு ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள்; ஒரு நாளில் முடியும் தூரங்களும், பல நாள் தங்கிச் செல்லும் நெடுஞ்சுற்றுகளும் உண்டு; பல சாலைகள் அவர்களுக்காக மோட்டார் வண்டிகளுக்கு மூடப்படுகின்றன. வழியிலுள்ள ஊர்களெல்லாம் மஞ்சளும் ஊதாவுமாகக் கோலம் கொள்கின்றன: பழைய சைக்கிள்களுக்கு வண்ணம் பூசி வீட்டுச் சுவர்களிலும் நீரூற்றுகளிலும் மாட்டுகிறார்கள், துணியாலும் காகிதத்தாலும் மாலைகள் தொடுத்துத் தெருக்களின் குறுக்கே கட்டுகிறார்கள், வைக்கோலால் உருவங்கள் செய்து ஊர் எல்லையில் நிறுத்துகிறார்கள். ஊர்க்காரர்களே தன்னார்வலர்களாக மேசை போட்டு, கஷ்கொட்டைக் குழம்பையும் ஆட்டுப்பாலில் செய்த பிக்கொதோன் பாலாடைக்கட்டியையும் உலர்த்திய இறைச்சித் துண்டுகளையும் முகம் அறியாதவர்களுக்குப் பரிமாறுகிறார்கள். முதியவர்கள் நாற்காலியைத் தெருவோரம் போட்டு, முதலில் வருபவருக்கும் கடைசியில் வருபவருக்கும் ஒரே உற்சாகத்தோடு கை தட்டுகிறார்கள். நூறு பேர் வாழும் ஊர் ஆயிரம் பேரை வரவேற்க முடியும் என்றால், அங்கே இன்னும் ஊர் இருக்கிறது என்று பொருள். ஆளில்லாத மலையை அழகு என்று மட்டும் கண்டு செல்லும் பயணி தவறவிடுவது இதைத்தான்.

நகைத் தொழிலும் நெசவாலைகளும் இன்றும் மக்களைப் பிடித்துவைத்திருக்கும் லு ஷெய்லாரில் தடம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை நோனியேர் வழியாக லமாஸ்த்ருக்குச் செல்கிறது. மற்றது ரோஷ்போன் கோட்டையின் இடிபாட்டைக் காட்டி, காடுகளினூடே சேன் அக்ரெவுக்கு ஏறுகிறது. அங்கிருந்து அதே ரயில் இணைப்பு லு ஷாம்போன் வரை தொடர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் அகதிகளும் யூதக் குழந்தைகளும் ரயிலில் வந்திறங்கிய அவ்வூரின் புராட்டஸ்டன்ட் குடும்பங்கள் அவர்களை மறைத்துக் காத்தன.

இத்தனை வாழ்வையும் சுமந்த வழி இன்று காப்பாற்றப்பட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் காப்பாற்றப்பட்டது தண்டவாளம் இருந்த சில மீட்டர் அகலம் மட்டுமே. அதன் இருபுறமும் சுவர்கள் வயிறு பருத்துச் சரிகின்றன. முட்புதரும் காடும் அடுக்கு நிலங்களை விழுங்குகின்றன. பராமரிப்பற்ற கஷ்கொட்டைகள் நோயில் காய்கின்றன. மேலும், 1973இல் ரோன் வலக்கரைப் பயணிகள் ரயில் நிறுத்தப்பட்டதிலிருந்து ஆர்டெஷில் வழக்கமான பயணிகள் ரயிலே இல்லை. ஆகவே அமைதி தேடி வருபவர் சைக்கிளைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு வருகிறார். கார் இல்லாத உள்ளூர் முதியவரோ மாணவரோ வெளியே செல்ல வழி தேடித் தவிக்கிறார். 1955இல் ரோனின் குறுக்கே லா வூல்ட்டில் கட்டிய முன்தகைவுக் கான்கிரீட் ரயில் பாலம் இன்றும் நிற்கிறது. அக்கரையிலுள்ள லிவ்ரோனிலிருந்து பயணிகள் ரயில் அதைக் கடந்து வந்தால், தடத்தின் தொடக்கமும் பள்ளத்தாக்கின் வாசலும் ஒரே நாளில் திறக்கும்.

மலையிலேயே வேலையும் வாழ்வும் நிலைப்பது கனவன்று என்பதற்கு, தடத்திலுள்ள சேன் சொவேர் என்னும் ஊருக்கு மேலே கிளையாற்றின் ஓரத்தில் சேன் பியர்வில் என்னும் ஊர் சான்று. அங்கே இடிந்துகிடந்த கம்பளி நூற்பாலையை மீட்டெடுத்த சிலர் 1982இல் தொடங்கிய ஆர்தலேன் கூட்டுறவு, சுற்றுவட்ட மேய்ப்பர்களின் கம்பளியை வாங்கி மெத்தையும் ஆடையும் செய்து மலையிலேயே வேலை தருகிறது. சைக்கிள் தடத்துக்குச் செலவிடும் பொதுப்பணத்தில் ஒரு பங்கு சுவர் கட்டுவோருக்கும் கஷ்கொட்டை வளர்ப்போருக்கும் செல்ல வேண்டும். ஏனெனில் அவர்கள் இல்லாவிட்டால் அடுத்த பெருமழை அத்தடத்தையே ஆற்றில் கொண்டு சேர்க்கும்.