மகளின் பொம்மைக் கேமராவும் என் பெரிய கேமராவும்

மஞ்சள் வெட்டு நடப்பதால் ரெண்டு வாரமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. இன்றைக்குக் கொஞ்சம் ஓய்வு. விவசாயத்தை விட்டுவிட்டு கேமராவைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எங்கே சுற்றினாலும் கடைசியில் நம்ம காட்டுக்குத்தான் வந்து சேரும், கவலைப்படாதீர்கள்.

இங்கே தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கேமராவைத் தெரியும். 2015இல் மஞ்சள் விற்ற காசில் வாங்கியது. "இந்தக் காசுக்கு ஒரு நல்ல கிடாரிக் கன்னு வாங்கியிருக்கலாம்" என்று வீட்டம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். அதற்கு ரெண்டு லென்ஸ், ஒரு ஸ்டாண்டு, தூசி தட்ட ஒரு பிரஷ், தோளில் மாட்ட ஒரு பை. மயில், நாற்று நடவு, மஞ்சள் வேக வைக்கும் கொப்பரையில் எழும் ஆவி என்று நீங்கள் இங்கே பார்த்துப் பாராட்டிய படமெல்லாம் அதில் எடுத்ததுதான்.

கோயம்புத்தூரில் படிக்கும் மகள் பொங்கலுக்கு வந்தாள். பையிலிருந்து வான நீலத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தாள். ஃபுஜி கம்பெனியின் இன்ஸ்டாக்ஸ் மினி. டியூஷன் எடுத்த காசில் வாங்கினாளாம். பட்டனை அமுக்கினால் மேலே இருக்கும் பொளவு வழியாக ஒரு வெள்ளை அட்டை வெளியே வரும். ஒன்றரை நிமிசத்தில் அதில் படம் தெரிய ஆரம்பிக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கா கண்ணு காசைக் கொட்டினே?" என்றேன். டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் என் நண்பர் அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தார். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கேமரா இல்லீங்க, சோப்பு டப்பா" என்றார். ரெண்டு பேரும் சேர்ந்து குறைகளை அடுக்கினோம். பிளாஸ்டிக் லென்ஸ். ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் நம் கையில் ஒன்றும் இல்லை. பட்டப் பகலில்கூட ஃபிளாஷ் அடிக்கிறது. கண் வைத்துப் பார்க்கும் ஓட்டை ஒரு பக்கம், லென்ஸ் ஒரு பக்கம். கிட்டே போய் எடுத்தால் தலை ஓரத்துக்குப் போய்விடும். படம் மொத்தமே 62 மில்லிமீட்டர் உயரம், 46 மில்லிமீட்டர் அகலம், ஏடிஎம் கார்டு அளவு அட்டைக்குள். நெகட்டிவ் கிடையாது, இன்னொரு பிரதி போட முடியாது. ஒரு படத்துக்கு 50, 60 ரூபாய் ஆகிறது. நம்ம சித்திரை வெயிலுக்கு ஃபிலிம் தாங்குமா என்பது வேறு. 40 டிகிரிக்குள்தான் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள்.

எல்லாம் சரியான குறைகள்தான். இன்றைக்கும் ஒன்றைக்கூட வாபஸ் வாங்க மாட்டேன். மகள் மட்டும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிங்ப்பா, ஆனா இது விக்குதே, ஏன்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. "பசங்களுக்கு வெவரம் இல்ல" என்று முடித்துக்கொண்டேன்.

மறுநாள் காட்டில் எட்டுப் பொம்பளைகள் மஞ்சள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் சோத்துப் போசியைத் திறந்து வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தபோது மகள் அந்த டப்பாவோடு போனாள். பத்துப் படம் கொண்ட ஃபிலிம் பெட்டியில் காலையில் கன்னுக்குட்டிக்கு ஒன்று செலவாகி, ஒன்பது மிச்சம். எல்லாரையும் சேர்த்து வைத்து ஒரு படம் எடுத்தாள். அட்டை கீச்சென்று வெளியே வந்தது. வெறும் வெள்ளை.

"ஒண்ணுமே காணமே கண்ணு?"

"சித்த நேரம் இருங்க பெரியாத்தா, வரும்."

எட்டுத் தலையும் அந்த அட்டைக்கு மேலே குனிந்தன. முதலில் சேலையின் சிவப்பு மங்கலாகத் தெரிந்தது. அப்புறம் மரம், அப்புறம் முகங்கள். "ஏ, அது நீதான்டி!" "பல்லக் காட்டிட்டு நிக்கறதப் பாரு!" ஒரே சத்தம். ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குப் பாதி முகம்தான் விழுந்திருந்தது. அதற்கு ஒரு சிரிப்பு. நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வருசமாக இதே ஆட்களைப் படம் எடுக்கிறேன். என் கேமராவைத் தூக்கினாலே முந்தானையைச் சரி செய்துகொண்டு ரேஷன் கார்டுக்கு நிற்கிற மாதிரி விறைத்து நிற்பார்கள். இந்தச் சிரிப்பு ஒரு நாளும் என் லென்ஸுக்குள் வந்ததில்லை.

மீதி எட்டையும் ஆளுக்கு ஒன்றாக எடுத்து அவரவர் கையிலேயே கொடுத்தாள். பத்துப் படத்தின் செலவு ஒருத்தர் ஒரு நாள் கூலியைத் தாண்டும். நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் எல்லாரிலும் மூத்த ஆத்தா என் பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டேதான் கேட்டது:

"ஏனுங் தம்பி, நீங்களும் எத்தன வருசமாப் புடிக்கறீங்க. ஒரு போட்டோவாச்சும் எங்க கைக்கு வந்துச்சுங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். சாதாரணமாகக் கேட்டதால் வாயில் ஒன்றும் வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. எழுந்து கம்ப்யூட்டரைப் போட்டு பழைய படங்களைத் தேடினேன். வருசவாரியாக ஃபோல்டர் போட்டு ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறேன். 2019 நடவு ஃபோல்டரில் ஒரு அம்மாவின் படம். சேற்றில் நின்று நாற்று முடியைக் கையில் பிடித்துக்கொண்டு தூரத்தில் யாரையோ கூப்பிடுகிற படம். இந்தப் பக்கத்தில் போட்டபோது நிறையப் பேர் பாராட்டி எழுதினீர்கள். வெளிச்சம் அருமை என்றீர்கள். அந்த அம்மா போன ஆடியில் இறந்துபோனார்கள். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் போட அந்த வீட்டில் ஒரு படம் இல்லை. ஆதார் கார்டில் இருந்ததைப் பெரிசு பண்ணிப் போட்டிருந்தார்கள். முகமே அடையாளம் தெரியவில்லை. நானும் மாலையோடு போய் அந்த ஃபிளெக்ஸுக்கு முன்னால் நின்றுவிட்டு வந்தேன். என் வீட்டு ஹார்ட் டிஸ்கில் அந்த அம்மாவின் நல்ல முகம் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம்கூட வரவில்லை.

அதற்கப்புறம்தான் மகள் கேட்ட கேள்வியை உருப்படியாக யோசித்தேன். கொஞ்சம் படித்தும் பார்த்தேன். நாங்கள் பேசியது ஒன்றும் புதுப் பேச்சு இல்லை.

1900இல் அமெரிக்காவில் கோடாக் கம்பெனி 'பிரௌனி' என்று ஒரு அட்டைப்பெட்டிக் கேமரா விட்டது. விலை ஒரு டாலர். குழந்தைகளுக்கென்றே விளம்பரம் செய்தார்கள். முதல் வருசமே ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. பட்டன் அமுக்குகிறவனெல்லாம் போட்டோகிராஃபரா என்று அந்தக் காலத்துக் கலைஞர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் மலையையும் காட்டையும் எடுத்து உலகப் புகழ் பெற்ற ஆன்சல் ஆடம்ஸ், 1916இல் தன் 14வது வயதில் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் படம் எடுக்க ஆரம்பித்தது ஒரு பிரௌனியில்தான்.

உடனே படம் வரும் கேமராவின் கதை இன்னும் நல்ல கதை. 1943இல் எட்வின் லேண்ட் என்ற விஞ்ஞானி குடும்பத்தோடு லீவுக்குப் போன இடத்தில் மகளைப் படம் எடுத்தாராம். "எடுத்த படத்தை ஏன் இப்பவே பார்க்க முடியாது?" என்று அந்த மூன்று வயசுக் குழந்தை கேட்டிருக்கிறது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போய் 1948 கடைசியில் போலராய்டு கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். டிஜிட்டல் வந்ததும் அந்தத் தொழில் சரிந்தது. போலராய்டு 2001இல் திவாலானது. 2008இல் ஃபிலிம் தயாரிப்பையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஃபுஜியின் இன்ஸ்டாக்ஸும் 2002 வாக்கில் வருசத்துக்கு சுமார் 10 லட்சம் விற்றுவிட்டு, ரெண்டு மூன்று வருசத்தில் 1 லட்சத்துக்கு இறங்கியது. அத்தோடு கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். 2018 நிதியாண்டில் மட்டும் ஒரு கோடி கேமரா விற்றிருக்கிறது. அதற்குள் உலகம் முழுக்க எல்லார் கையிலும் கேமரா வைத்த போன் வந்துவிட்டது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2025இல் கோடாக் பெயரில் சாவிக்கொத்தில் மாட்டுகிற குட்டிக் கேமரா ஒன்று வந்தது. வெறும் 1.6 மெகாபிக்சல். நம் போன்களே 50 மெகாபிக்சலுக்குப் போய்விட்ட காலத்தில் அதையும் போட்டி போட்டு வாங்கினார்கள்.

வாங்கினவர்கள் எல்லாரும் விவரம் கெட்டவர்கள் என்று சொல்ல முடியுமா? எனக்கு எக்ஸ்எல் வண்டிதான் ஞாபகத்துக்கு வந்தது. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. அந்த வம்சத்தில் வந்ததுதான் இன்றைக்கு ஊர் ஊராய் ஓடும் எக்ஸ்எல். பைக் பைத்தியங்களைக் கேட்டால் அது வண்டியே இல்லை என்பார்கள். வேகம் இல்லை, அழகு இல்லை. ஆனால் ரெண்டு பால் கேன், ஒரு கட்டுத் தட்டு, அதற்கு மேலே பேரனையும் உட்கார வைத்துக்கொண்டு வரப்பில் போகிற ஆளிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். அவர் வாங்கியது வேகத்தை இல்லை. பைக்காரர் சொல்வதில் ஒன்றும் பொய் கிடையாது, வேறு எதையோ அளக்கிறார், அவ்வளவுதான்.

நானும் என் ஸ்டூடியோ நண்பரும் செய்ததும் அதுதான். நாங்கள் படத்தை அளந்தோம். எவ்வளவு துல்லியம், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு பெரிசாகப் பிரிண்ட் போடலாம் என்று. அந்த டப்பாவை வாங்குகிறவர்கள் படத்துக்காக மட்டும் காசு கொடுக்கவில்லை. ஒன்றரை நிமிசம் எட்டுப் பேர் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்பதற்கும், எடுத்ததை அங்கேயே எடுக்கப்பட்டவர் கையில் கொடுப்பதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். என் கேமராவில் அந்த ரெண்டும் கிடையாது. சரியாகச் சொன்னால், கேமராவில் இருந்தது, என்னிடம் இல்லை. பிரிண்ட் போட்டுக் கொடுக்க வேண்டாம் என்று அந்தக் கேமரா ஒரு நாளும் சொல்லவில்லையே.

எங்கள் வீட்டு ஆசாரத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறது. என் அப்பாருவும் ஆத்தாளும் மாட்டு வண்டிக்குப் பக்கத்தில் நிற்பது. ரயில்வேயில் வேலை பார்த்த மாமா ஒருத்தர் அக்ஃபா கிளிக் 3 கேமராவில் எடுத்தது. பரோடாவில் தயாரான கேமரா. ஒரு ரோலுக்கு 12 படம். திருகி வித்தை காட்ட அதில் பெரிசாக ஒன்றும் கிடையாது. படம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அப்பாருவின் காலைக் காணோம். ஆனால் மாமா அதைக் கழுவி, பிரிண்ட் போட்டு, அடுத்த நோம்பிக்கு வரும்போது மறக்காமல் கொண்டுவந்து கொடுத்தார். அதனால்தான் எங்கள் ஆத்தா எப்படி இருந்தாள் என்று என் மகளுக்குத் தெரிகிறது.

போன வாரம் ஹார்ட் டிஸ்கை எடுத்துக்கொண்டு நண்பர் ஸ்டூடியோவுக்குப் போனேன். காட்டு வேலைக்கு வந்தவர்களின் படங்களாகப் பொறுக்கி 64 படம் பிரிண்ட் போட்டோம். எதற்கென்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நாற்று முடியோடு நிற்கும் அந்த அம்மாவின் படத்தை மட்டும் பெரிசாகப் போட்டு, ஃப்ரேம் மாட்டி, அதற்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதை அந்த அம்மாவின் மகனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "இது எப்ப எடுத்ததுங்ணா?" என்றான். "2019இல்" என்றேன். "ஓ" என்றான். அவன் வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நானும் வேறு ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். மகள் முதலில் எடுத்த அந்தக் குரூப் போட்டோ ஒன்றுதானே, அதை யார் வீட்டுக்குக் கொண்டு போவது என்று அன்றைக்குக் காட்டிலேயே ஒரு பஞ்சாயத்து நடந்தது. கடைசியில் மூத்த ஆத்தாதான் தீர்ப்புச் சொன்னது: "இது தம்பி வீட்லயே இருக்கட்டும். அவுங்ககிட்டதான் நம்ம போட்டோவே இல்லியே." எல்லாரும் சிரித்தார்கள். ஆத்தா நக்கலாகச் சொன்னதா, வெள்ளந்தியாகச் சொன்னதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. காலண்டருக்குப் பக்கத்தில் அதைச் செருகி வைத்திருக்கிறேன். ஃபிளாஷ் அடித்து முன்னால் இருப்பவர்கள் முகம் வெளுத்திருக்கிறது, ஒருத்தருக்குப் பாதி முகம் இல்லை. படமாகப் பார்த்தால் சுமார்தான்.

பெரிய கேமராவை விற்கப் போவதில்லை நண்பர்களே, மயிலுக்கு அதுதான் லாயக்கு. உங்கள் போனிலும் யாராவது ஒருத்தர் வீட்டுப் படம் வருசக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு பத்து இருபது ரூபாய்தான் ஆகும், பிரிண்ட் போட்டு அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

நாளைக்குக் கொப்பரை வைக்கிறோம். மஞ்சள் வெந்து காய்ந்ததும் விலை நிலவரத்தோடு வருகிறேன்.