ஒலிக்காத ஒரு 'சி'

கடந்த வாரம் முதுகலை முதலாமாண்டு வகுப்பில் ஒரு மாணவர் ஆங்கிலச் செய்தித்தாளின் பத்தி ஒன்றை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். என் நெறியாளரின் பாடத்திற்கு வாரம் ஒருமுறை பயிற்சி வகுப்பு நடத்துவது என் பொறுப்பு. பத்தியின் நடுவே ஒரு வினைச்சொல் வந்தது. ஐ, என், டி, ஐ, சி, டி. எழுத்தில் உள்ளபடியே 'இன்டிக்ட்' என்று வாசித்தார். பின்வரிசையில் இருவர் சிரித்தனர். அவருடைய குரல் தாழ்ந்தது. அடுத்த வாக்கியங்களை விரைவாக வாசித்துவிட்டு அமர்ந்துகொண்டார்.

அந்தக் குரல் தாழ்தல் எனக்குப் பழக்கமானது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்றவள் நான். என் ஆங்கிலத்தில் பாதி, காதால் அன்றிக் கண்ணால் கற்றது. முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த முதல் ஆண்டில், தில்லியில் நடந்த கருத்தரங்கு ஒன்றில், குற்றச் செய்திகளில் வரும் வினைச்சொற்களைத் தமிழ், ஆங்கில நாளிதழ்களில் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வாசித்தேன். மூன்றாவது முறை 'இன்டிக்டட்' என்று சொன்னபோது தலைமை வகித்த மூத்த பேராசிரியர் கையுயர்த்தி நிறுத்தினார். "இன்டைட்டட்," என்றார். அரங்கு சிரித்தது. ஒருமுறை சொல்லிப் பாருங்கள் என்றார், சொன்னேன். எஞ்சிய பத்து நிமிடங்களும் அச்சொல்லை 'இந்த வினை' என்றே குறிப்பிட்டு ஒப்பேற்றினேன்.

ஒரு மொழியியல் மாணவிக்கு இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்பதை அன்றிரவே அறிவு சொன்னது, மனம் கேட்கவில்லை. பிரிடிக்ட், கான்ட்ரடிக்ட், கன்விக்ட், வெர்டிக்ட் ஆகிய அனைத்திலும் 'சி' ஒலிக்கிறது. இவற்றை அறிந்த ஒருவர் இச்சொல்லையும் அவ்வாறே ஒலித்தால், அவர் விதியை நன்கு கற்றிருக்கிறார் என்றே பொருள். பிறழ்ந்து நிற்பது சொல்தான்.

அது பிறழ்ந்த கதை சுவையானது. முறைப்படி குற்றம் சாட்டுதல் என்னும் பொருளில் ஆங்கிலோ-நார்மன் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்தபோது இதில் 'சி' இல்லை. 'என்டீட்' என்பதுபோல் நீண்ட உயிரொலியோடு வழங்கியது. நெடில் 'ஈ' காலப்போக்கில் 'ஐ' ஆயிற்று. ஆங்கிலத்தின் பெரும் உயிரொலிப் பெயர்ச்சி இத்தகைய சொற்கள் அனைத்தையும் இழுத்துச் சென்றது. இதற்கிடையே, ஏறத்தாழ 1600ஐ ஒட்டி, இலத்தீன் கற்றோர் இதன் வேர் 'டிக்டாரே' என்பதை நினைவூட்டும் பொருட்டு எழுத்தில் ஒரு 'சி'யைச் செருகினர். 'டெட்' என்னும் கடனிலும் 'டவுட்' என்னும் ஐயத்திலும் ஊமையாய் நிற்கும் 'பி' எழுத்துகளும் இப்படி இலத்தீன் பற்றினால் நுழைந்தவையே. புலமையைக் காட்டிக்கொள்ளச் செருகப்பட்ட எழுத்து, நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு புலமை இல்லாதவரைக் காட்டிக்கொடுக்கிறது!

(தமிழில் எழுதுவது போலவே ஒலிக்கிறோம் என்று நாம் பெருமை பேசுவதும் பாதி உண்மைதான். கடல், தங்கம், பகல் ஆகிய மூன்று சொற்களிலும் ஒரே 'க' மூன்று விதமாக ஒலிக்கிறது. ஆயினும் இடம் நோக்கி ஒலியைக் கணித்துவிடலாம். ஆங்கிலத்தின் 'சி' அந்த உதவியைச் செய்வதில்லை.)

ஆனால் நான் எழுத வந்தது இதைப் பற்றியன்று.

அக்கட்டுரையை இதழுக்கு அனுப்பத் திருத்தியபோதுதான் உண்மையான பிழை கண்ணில் பட்டது. வினைகளை நான் இரு நிரல்களாகப் பிரித்திருந்தேன்: குற்றம் சாட்டப்பட்ட நிலை, குற்றம் உறுதியான நிலை. 'இன்டைட்' இரண்டாம் நிரலில் இருந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் பெருநடுவர் குழுவின் 16 முதல் 23 உறுப்பினர்களுள் குறைந்தது 12 பேர் இசைந்தால் ஒருவர்மீது இவ்வாறு குற்றம் சாட்டப்படும். விசாரணை அதன் பிறகுதான் தொடங்கும். சாட்டப்பட்டவர் அப்போது சட்டத்தின் கண்ணில் குற்றமற்றவர். இந்திய நாளிதழ்களிலோ, விசாரணை ஆணையம் ஒன்று அதிகாரிகளைக் குறைகூறினாலும் இவ்வினையே தலைப்பில் வரும். 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்கப்படும் ஆணையம் எவரையும் தண்டிக்க இயலாது. இரண்டிலும் குற்றம் உறுதியாகவில்லை. என் நிரல் உறுதிப்படுத்திவிட்டது.

ஏன் அப்படிப் பிரித்தேன் என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். என் தலைக்குள் அச்சொல் 'இன்டிக்ட்' என்று ஒலித்தபோது 'கன்விக்ட்' என்பதோடு இயைபுத் தொடையாய் ஒட்டிக்கொண்டது. ஒலியின் பின்னே பொருளும் போயிருக்கலாம் என்பது என் ஐயம். மற்றொரு காரணம் தமிழிலேயே உண்டு. வழக்கு நீதிமன்றத்தை எட்டுமுன்பே 'குற்றவாளி கைது' என்று எழுதும் நாளிதழ்களைப் படித்து வளர்ந்தவள் நான்.

அதிலும் எனக்கு மன்னிப்பில்லை. நான் பள்ளியில் படித்தபோது, ஒரு நிலத்தகராறில் என் சித்தப்பாவின் பெயர் உள்ளூர்ப் பக்கத்தில் அதே அடைமொழியுடன் வந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் அவரை விடுவித்தது. அச்செய்தி எந்தப் பக்கத்திலும் வரவில்லை. சித்தி அந்தத் தாளை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவ்வீட்டில் வளர்ந்த நான்தான், முன்பின் அறியாத எத்தனையோ பேரை ஒரு நிரலிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளியிருந்தேன். அட்டவணை திரையில் நான்கு நிமிடங்கள் நின்றது. அந்த அரங்கில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. என் 'சி'யை மட்டும் எல்லோரும் கேட்டனர்.

தரவு முழுவதையும் மீண்டும் வகைப்படுத்தினேன். கட்டுரையின் முடிவுகளில் ஒன்று நிற்கவில்லை, நீக்கிவிட்டேன்.

கடந்த வார வகுப்பில் சிரிப்பு அடங்கியதும், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சிரித்த இருவரையும் கேட்டேன். ஒருவர் 'தண்டிக்கப்படுதல்' என்றார். மற்றவர் தலையசைத்து வழிமொழிந்தார். வாசித்த மாணவர் பீகாரின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவர், இந்திவழியில் படித்தவர். அவர் தயங்கி, "குற்றம் சாட்டுவது மட்டும்தானே, தீதி?" என்றார். ஆம் என்றேன். கரும்பலகையில் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் எழுதி, 'சி' வந்த வரலாற்றைச் சொன்னேன். அவர் குறிப்பெடுத்துக்கொண்டே நிமிர்ந்து, "அப்படியானால் வெர்டிக்ட்டில் ஏன் ஒலிக்கிறது? அதுவும் பிரெஞ்சிலிருந்து வந்ததுதானே?" என்று கேட்டார்.

அதுவும் 'வெர்டிட்' என்றுதான் இருந்தது. அதிலும் 'சி' பின்னர்தான் செருகப்பட்டது. அங்கே மக்கள் எழுத்தைப் பார்த்து ஒலிக்கத் தொடங்கினர். அந்த ஒலிப்பே இன்று சரியானது. வகுப்பு முடிந்த பிறகும் அரைமணி நேரம் அதைப் பேசிக்கொண்டிருந்தோம்.