ஏழு நூல்

போன மாரியில் அப்பாவும் நானும் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறைக்குத் தொங்கு சீலிங் போட்டோம். ஊரிலிருந்து வரப்போகும் அம்மம்மாவுக்கான அறை அது.

அறையின் அகலம் 10 அடி 8 அங்குலம். ஒரு பலகை 2 அடி அகலம், 4 அடி நீளம். ஒரு சுவரிலிருந்து அடுக்கிக்கொண்டு போனால் மறுகரையில் 8 அங்குலத் துண்டு மட்டும் மிஞ்சும். பார்க்க வடிவாக இராது. அதனால் அப்பா நடுவில் நாலு முழுப் பலகையை வைத்தார். மிச்சம் 32 அங்குலம். கரைக்குப் பதினாறாகப் பிரித்தார். லேசர் மட்டத்தால் நாலு சுவரிலும் ஒரே உயரத்தில் கோடு போட்டு, கோட்டோடு சட்டம் அடித்து, குறுக்குச் சட்டங்களைக் கம்பியில் தொங்கவிட்டோம்.

அதுவரை பிழையில்லை. கரைப் பலகைகளை வெட்டுவதுதான் என் வேலை. சுவர் நேராக இல்லாததால் அப்பா ஏணியில் நின்று ஒவ்வொரு இடமாக அளந்து சொன்னார்.

"பதினைஞ்சு இஞ்ச் ஏழு நூல்!"

எனக்குத் தெரிந்த நூல் இரண்டு: ஒன்று தைப்பது, மற்றது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த புத்தகம். ஆனாலும் தலையாட்டினேன். அளவுநாடாவில் உள்ள மிகச் சின்னக் கோடாக இருக்கும் என்று நினைத்து, ஏழு கோடு எண்ணி, அடையாளம் போட்டு, மூன்று பலகையை வெட்டினேன்.

சுவரோடு தள்ளினால் மறுபக்கம் சட்டத்திலிருந்து நழுவியது. மூன்றும் அப்படித்தான்.

அங்குலத்துக்கு எட்டு நூல். நான் எண்ணியது பதினாறில் ஒரு பங்குக் கோடுகளை. கிட்டத்தட்ட அரை அங்குலம் குறைந்துவிட்டது.

"ஏன் பிள்ளை கேக்கேல்லை?"

"தமிழ் விளங்கேல்லை எண்டு சொல்ல வெக்கமா இருந்தது, அப்பா."

அவர் ஏணியை விட்டு இறங்கினார். "இஞ்ச வந்த புதுசில நானும் வேலையில எல்லாத்துக்கும் 'வீ, வீ' எண்டு தலையாட்டினனான். ஒரு சொல்லும் விளங்கேல்லை."

தலையாட்டியது நாங்கள் இருவர் மட்டும்தான் என்றில்லை. 1983 ஜூலை 23 அன்று மொன்றியலிலிருந்து புறப்பட்ட ஏர் கனடா 143 விமானத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. கனடா மெட்ரிக் அளவுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். கணக்குப் பார்த்தவர்கள் இறாத்தலைக் கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள். தேவையானதில் பாதிகூட நிரப்பப்படவில்லை. 41,000 அடி உயரத்தில் பறந்தபோது எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சினும் நின்றன. விமானிகள் அதைச் சறுக்கிக்கொண்டுபோய், மனிடோபாவில் கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். 69 பேரும் உயிர் தப்பினார்கள். எண் சரிதான்; எந்த அளவில் என்பதுதான் பிழைத்தது.

நாங்கள் இன்றைக்கும் அப்படித்தான் வாழ்கிறோம். தெருவில் கிலோமீட்டர், மரக்கடையில் அடி, பெட்டியில் பிரெஞ்சில் 'பூஸ்', அப்பாவின் வாயில் நூல்.

அதன்பிறகு அப்பா அளவைச் சொல்ல, நான் திருப்பிச் சொன்னேன்: "பதினைஞ்சு ஏழு நூல். எட்டில ஏழு." அவர் "ஓம்" என்ற பிறகுதான் கத்தி வைத்தேன். ஒரு பலகைகூடப் பிழைக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் நீங்கள் தலையாட்டிவிட்டுக் கடந்துபோகும் சொல் ஒன்று இருக்கும். வெட்ட முதல் கேட்டுவிடுங்கள்.