அவ இருக்கா

எங்கள் வீட்டில் கடவுளைப் பற்றி மூன்று பேர் மூன்று விதமாகப் பேசுவார்கள். "கடவுள் இல்லை" என்பார் அப்பா. "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்பாள் அம்மா. அப்பாவைப் பெற்ற ஆச்சி இரண்டு பேரிடமும் வாதாட மாட்டாள். அரங்குவீட்டுக் கதவைக் கையால் காட்டி, "அவ இருக்கா" என்பாள். அதோடு அவள் பேச்சு முடிந்துவிடும்.

பிறகு கல்லூரியில் தமிழ் படித்தபோது தொல்காப்பியத்தில் ஒரு விதி வந்தது. தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களுக்கென்று தனி விகுதி கிடையாது, மனிதர்களுக்கு உரிய விகுதியையே அவை வாங்கிக்கொள்ளும் என்று. வகுப்பில் எனக்கு எங்கள் வீடுதான் ஞாபகம் வந்தது. அம்மாவின் கடவுள் 'ஆர்' விகுதி. ஆச்சியின் கடவுள் பெண்பால். அப்பாவுக்கு விகுதியே தேவைப்படவில்லை.

ஆச்சி சொன்ன 'அவ', எங்கள் வீட்டுக் கன்னி. தென்மாவட்டங்களில் பல வீடுகளில் இப்படி ஒரு கன்னி உண்டு. கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்பிள்ளையை அந்த வீடே தெய்வமாக்கிக் கும்பிடும். கோயில் கிடையாது, சிலை கிடையாது, பூசாரி கிடையாது. ஒரு பனையோலைப் பெட்டி, அதற்குள் பாவாடை தாவணி, கண்ணாடி வளவி, ரிப்பன், சீப்பு, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பெட்டியை இறக்குவார்கள். பச்சரிசி மாவில் கருப்பட்டி போட்டு மாவிளக்கு வைப்பாள் ஆச்சி. பழைய துணியை எடுத்துவிட்டுப் புதிது வைப்பாள். எடுத்த பாவாடையை வீட்டில் இருக்கும் பெண்பிள்ளை உடுத்த வேண்டும். நான் வயதுக்கு வரும்வரை வருஷம் ஒன்று எனக்குக் கிடைத்தது. சாமி உடுத்தின பாவாடை என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வேன்.

தாத்தா கோபக்காரர். வாசலில் பெண்பிள்ளைகள் நின்று சிரித்தாலே அதட்டுவார். அவர் சாப்பிடாமல் ஆச்சி சாப்பிட்டதில்லை. அந்த ஒரு ராத்திரி மட்டும் ஒரு பாவாடைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாகக் கிடப்பார். எழுந்திருக்க நேரமாகும்.

அப்பா அந்த அறைக்குள் வர மாட்டார். திராவிடர் கழகத்துக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். பட்டாசலில் உட்கார்ந்து 'விடுதலை' படித்துக்கொண்டிருப்பார். மாவிளக்கை மட்டும், "வெறும் மாவும் கருப்பட்டியும்தானே" என்று வாங்கிச் சாப்பிடுவார். அவர் கொள்கையை நான் கேலி செய்யவில்லை. அந்தக் கொள்கை இல்லையென்றால் நான் இல்லை. அம்மா வேறு சாதி, தென்னிந்தியத் திருச்சபைக் கிறிஸ்தவக் குடும்பம். ஆசிரியப் பயிற்சியில் பழகி, 1972இல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். தாத்தா இரண்டு வருஷம் வீட்டில் சேர்க்கவில்லை. நான் பிறந்த பிறகு சேர்த்துக்கொண்டார். மதம் மாறு என்று அப்பா அம்மாவிடம் கேட்கவில்லை. கடவுளை விடு என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் கொண்டுபோய்க் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை டீக்கடையில் இருப்பார்.

அம்மா எனக்குச் சொன்ன வேதாகமக் கதைகளில் அதிகம் சொன்னது ஆகார் கதை. ஆபிரகாம் வீட்டு அடிமைப் பெண். வயிற்றில் பிள்ளையோடு எஜமானியின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடுகிறாள். நீரூற்றின் அருகே தேவதூதன் அவளைக் காண்கிறான். தன்னிடம் பேசிய கடவுளுக்கு, தன்னைக் காண்கிறவர் என்று அவளே பெயர் வைக்கிறாள். அங்கிருந்த கிணற்றுக்கும் அதையொட்டியே பெயர் வந்தது. "ஒரு வேலைக்காரப் பெண் கடவுளுக்குப் பேர் வச்சிருக்கா பாரு" என்பாள் அம்மா. அவளுக்குக் கடவுள் என்றால் பார்க்கிறவர். யாரும் பார்க்காததைப் பார்க்கிறவர்.

1994இல் எனக்கு இருபது வயது. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தேன். விடுமுறைக்கு வந்தபோது எனக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் வேறு சாதி. பிரித்தது தாத்தா. அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி ஆச்சி என் பாயில் வந்து படுத்தாள்.

"ஏட்டி, விடிஞ்சதும் விடுதிக்குப் போயிரு. ஒன் அப்பன்கிட்ட நான் பேசுதேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள்.

கன்னி, தாத்தாவின் தங்கை. ஆச்சி பதினாறு வயதில் இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பதினைந்து. இரண்டு பேரும் ஒரே பாயில் படுப்பார்கள். ஆச்சியை மதினி என்று கூப்பிடுவாள். அப்பா கைக்குழந்தையாக இருந்தபோது இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகத் திரிந்தது அவள்தான். அவளுக்கு ஒருவரோடு பழக்கம் இருந்தது. வேறு சாதி. தண்ணி எடுக்கப் போய்க் கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள் என்றுதான் ஊருக்குச் சொன்னார்கள். "விடியுமுன்ன முத்தம் தூக்கப் போனேன். வளவி ஒடஞ்சு கெடந்துது. கெணத்துல கெடக்கான்னு அதுக்குப் பெறவுதாம்ட்டி ஆளு வந்து சொன்னாக" என்றாள் ஆச்சி. "அன்னிக்கு ராத்திரி ஒன் தாத்தாவும் அவுக அண்ணனும் தூங்கலை."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் வீட்டில் மாடுகள் செத்தன. பெரிய தாத்தாவின் பிள்ளை ஒன்று காய்ச்சலில் போனது. குறி கேட்கப் போனார்கள். செத்த பெண் வீட்டுக்குள் வரக் கேட்கிறாள், பெட்டி வைத்துக் கும்பிடுங்கள் என்று குறிகாரர் சொன்னார். அப்படித்தான் அவள் தெய்வமானாள். கூட்டிய வளவித் துண்டுகளை ஆச்சி எறியாமல் முடிந்து வைத்திருந்தாள். அவற்றைப் பெட்டியின் அடியில், துணிக்குக் கீழே வைத்தாள். அந்தத் துண்டுகளுக்கு மேலே இருந்த பாவாடைகளைத்தான் நான் உடுத்தியிருக்கிறேன்.

தெய்வம் யார் என்ற கேள்விக்கு அன்றிரவு எனக்குக் கிடைத்த பதில் இது: இந்த வீட்டு ஆண்கள் யாரைக் கண்டு பயப்படுகிறார்களோ அவள். பயப்படக் காரணம் அவர்களுக்குத் தெரியும்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. தென்மாவட்ட நாட்டார் தெய்வங்களின் கதைகளைக் கேட்டால், கொலையுண்ட பெண்களும் தற்கொலைக்குத் தள்ளப்பட்ட பெண்களும் திரும்பத் திரும்ப வருவார்கள். பசியாலும் அவமானத்தாலும் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்த நல்லதங்காளுக்கு வத்திராயிருப்புப் பக்கம் கோயில் இருக்கிறது. ஏடறிந்த கதைகளிலும் இதேதான். கண்ணகி எல்லாவற்றையும் இழந்த பிறகுதான் சேரன் இமயத்தில் கல்லெடுத்தான். காரைக்கால் அம்மையாரின் கணவன் பரமதத்தன், அவள் மாம்பழம் வரவழைத்ததைக் கண்டு பயந்து ஓடி, பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொள்கிறான். பிறந்த மகளுக்கு இவள் பெயரையே வைக்கிறான். உறவினர்கள் இவளைக் கூட்டிக்கொண்டு வந்ததும், புது மனைவி, மகளோடு வந்து காலில் விழுகிறான். இவள் மனுஷி இல்லை, தெய்வம் என்கிறான். பக்தியாகச் சொல்லப்படும் அந்தக் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தாத்தாதான் தெரிவார். தெய்வம் என்று சொல்லிவிட்டால் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. கும்பிட்டால் போதும்.

மறுநாள் விடுதிக்குப் போய்விட்டேன். ஆச்சி சொன்னபடி அப்பாவிடம் பேசினாள். இரண்டு வருஷம் கழித்து, கடிதம் எழுதியவரோடு எனக்குக் கல்யாணம் நடந்தது. அப்பாதான் முன்னால் நின்று நடத்தினார். தாத்தா வரவில்லை. ஆச்சி வந்தாள்.

கல்யாணத்துக்கு முன்பு அப்பாவிடம் கேட்டேன், அவளைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா என்று. "தெரியும்" என்றார். பிறகு, "சாமி கும்பிடுறது மூடநம்பிக்கைன்னு எங்க அப்பாகிட்டச் சொல்ல முடிஞ்சுது. மத்ததைக் கேட்க முடியலை" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பெண்ணடிமையைப் பற்றிப் பெரியார் எழுதியதை எனக்குப் படிக்கக் கொடுத்தவரே அவர்தான். வேறு சாதியில் கல்யாணம் செய்து, வீடு திரும்பி, பட்டாசலில் உட்கார்ந்து பத்திரிகை படிக்க அவரால் முடிந்தது. அதே வீட்டில் ஆணுக்கு அது கொள்கை, பெண்ணுக்குக் கிணறு. கடவுள் இல்லை என்று அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டியைப் பொறுத்தவரை கேட்க வேண்டிய கேள்வி கடவுள் உண்டா இல்லையா என்பது அல்ல. உள்ளே இருப்பது யார் என்பது.

அம்மாவிடமும் கேட்டேன். "ஆகாரைப் பார்த்தவர் இந்தப் பிள்ளையையும் பார்த்திருப்பார்" என்றாள். பார்த்து என்ன செய்தார் என்றேன். அம்மா வெகுநேரம் பேசவில்லை. "ஒங்க ஆச்சியைப் பார்க்க வச்சிருக்கார்" என்றாள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்தப் பதிலை இன்றுவரை என்னால் ஒதுக்க முடியவில்லை.

போலீசில் புகார் இல்லை, சாட்சி இல்லை, ஒரு காகிதம் இல்லை. அவள் இருந்தாள் என்பதற்கு அந்தப் பெட்டி மட்டுமே இருக்கிறது. கொலையை மறைத்தது அந்த வழிபாடுதான். ஒருத்தியின் வளவித் துண்டுகளை நாற்பது வருஷத்துக்கு மேல் காப்பாற்றியதும் அதே வழிபாடுதான். எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிக்கு வேறு என்ன வழி இருந்தது?

ஆச்சி 2006இல் போனாள். அப்பா 2019இல். தனக்குச் சடங்கு கூடாது, உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார், அப்படியே செய்தோம். கடைசி வாரத்தில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "வீட்டை வித்தா அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுராத" என்றார். நான் பார்த்த பார்வையைப் புரிந்துகொண்டு, "சாமின்னு சொல்லலை. அது எங்க அத்தைது" என்றார். அவளை அவர் முறை சொல்லிக் குறிப்பிட்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. நான் விளக்கு வைப்பதில்லை. தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அதை இறக்கித் தூசி தட்டுவேன். போன வருஷம் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பச்சை வளவி, ஐந்து துண்டு.

"அவங்க பேரு என்னம்மா?"

சாமியைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. பாயில் படுத்திருந்த அந்த ராத்திரி ஆச்சி ஒரே ஒருமுறை சொன்னாள். அதை அச்சில் போடும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. மகளிடம் சொன்னேன்.