கையெழுத்துக்குக் காசு

நல்ல கையெழுத்துக்குக் காசு கிடைத்த காலம் ஒன்று இருந்தது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில், இங்கிலாந்துப் பள்ளிகளில் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன் பிள்ளைகள் ஒரு பெரிய தாளோடு உட்காருவார்கள். ஓரங்களில் பைபிள் கதைப் படங்கள் அச்சிட்டிருக்கும், நடுவே வெற்றிடம். இறகுப் பேனாவால் அங்கே மணிமணியாக எழுதி, பெயரும் தேதியும் போட வேண்டும். கடைசி வரியில் மை சொட்டிவிட்டால்? நினைத்தாலே எனக்கு விரல் நடுங்குகிறது! வீட்டில் அப்பா மகனின் எழுத்தையா பார்ப்பார்? கட்டிய பள்ளிச் சம்பளம் வீண்போகவில்லையே என்றல்லவா பார்ப்பார்! ஆகவே, வாத்தியாருக்கும் அது பரீட்சைதான். தருமப் பள்ளிச் சிறுவர்கள் பாடு வேறு. தாளை ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். கதவைத் திறந்த சீமாட்டிக்கு எழுத்தின் சுழிகள் பிடித்துவிட்டால், குளிரில் விறைத்த அந்தக் கையில் சில்லறை விழும்.